ரோஸ் நிற யோகட்டும் உடம்புத் தடிப்பும்: "இயற்கை நிறம்" ஒவ்வாமை தருவது எப்படி?

யோகட் கிண்ணம், ஜெலி பக்கட், டொபி உறை, கோர்டியல் போத்தல் என்று எதை எடுத்தாலும் "செயற்கை நிறம் சேர்க்கப்படவில்லை" என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எரித்ரோசின் என்ற சிவப்புச் சாயத்தை உணவில் சேர்ப்பதற்கான அனுமதியை ரத்துச் செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில், பெற்றோலியத்திலிருந்து செய்யப்படும் மற்றச் சாயங்களையும் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தது. இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி தோட்டத்து லயம் வரை வரும்போது இரண்டே வரியாகச் சுருங்கிவிடுகிறது: செயற்கை நிறம் நஞ்சு, இயற்கை நிறம் நல்லது.

ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு இதில் இரண்டாவது வரி ஆபத்தானது. எரித்ரோசின் விலக்கப்பட்டதற்கும் ஒவ்வாமைக்கும் சம்பந்தமே இல்லை. அதிக அளவில் கொடுக்கப்பட்ட ஆண் எலிகளுக்குத் தைரொயிட் கட்டிகள் வந்தன. விலங்குக்குப் புற்றுநோய் தரும் எதையும் உணவில் சேர்க்க அமெரிக்கச் சட்டம் இடம் தராது. அவ்வளவுதான் காரணம். ஒவ்வாமை வேறு கணக்கு. அந்தக் கணக்கில் சில இயற்கை நிறங்கள்தான் செயற்கை நிறங்களைவிட முன்னே நிற்கின்றன.

முதலில், எது ஒவ்வாமை?

கலர் போட்ட இனிப்பைத் தின்ற பிள்ளைக்கு ஏதாவது ஆனால் எல்லாவற்றையும் "அலர்ஜி" என்று சொல்லிவிடுகிறோம். வைத்தியர்கள் அந்தச் சொல்லை இன்னும் இறுக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வாமை என்பது உடம்பின் நோயெதிர்ப்பு மண்டலம் ஆளை மாற்றி அடிப்பது. அது மூன்று படியில் நடக்கிறது.

1. முதன்முறை ஒரு பொருள் உடம்புக்குள் போகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் சிலருடைய உடம்பு அதில் உள்ள புரதத்தை எதிரி என்று குறித்து வைத்துக்கொண்டு, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது.

2. அந்த ஐஜிஇ, தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் மீது போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மாதக்கணக்கில் இப்படி இருக்கலாம்.

3. அதே பொருள் மறுபடி வரும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் முதலான இரசாயனங்களைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் அல்லது இரண்டொரு மணித்தியாலத்துக்குள் காஞ்சோண்டி பட்டதுபோலத் தோல் தடிக்கிறது, உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன, இழுப்பு வருகிறது. மூச்சு அடைத்தாலோ இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்தாலோ அது அனபிலக்சிஸ். உயிர் போகும் நிலை.

"போன மாதம் தின்றபோது ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் ஏன் செல்லாது என்பது இதிலிருந்தே தெரியும். ஒன்றும் ஆகாத அந்த முறைதான் முதற்படியாக இருந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் புரதம். உடம்பின் காவல் பெரும்பாலும் புரதத்தைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்ளும். டார்ட்ரசின் போன்ற செயற்கைச் சாயங்களின் மூலக்கூறு மிகச் சிறியது, அதில் புரதம் கிடையாது. அவற்றால் சிலருக்குத் தடிப்பு வருவது உண்மை. ஆனால் அது அபூர்வம், அநேகமாக ஐஜிஇ வழியாக நடப்பதும் இல்லை. செடி, விதை, பூச்சி, பாசி என்று உயிருள்ளவற்றிலிருந்து எடுக்கும் நிறத்தில் அந்த உயிரின் புரதம் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு வர இடமுண்டு. எவ்வளவு சுத்திகரித்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. "இயற்கை" என்ற சொல் அதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பால், முட்டை, நிலக்கடலை, இறால் தரும் ஒவ்வாமையோடு ஒப்பிட்டால் நிறமூட்டி ஒவ்வாமை மிகக் குறைவு. எல்லோரும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை இது. ஆனால் யாருக்கு இருக்கிறதோ அவருக்கு, நிறத்தின் பெயர் தெரியாமல் வாழ முடியாது.

கார்மைன்: பூச்சியிலிருந்து வரும் சிவப்பு

இயற்கை நிறங்களில் ஒவ்வாமைக்கு அதிகம் பேர்போனது இதுதான். தென்னமெரிக்காவில், முக்கியமாகப் பெருவில், சப்பாத்திக் கள்ளியின் மேல் வாழும் ஒரு சிறு செதில்பூச்சியின் பெண் பூச்சிகளைக் காயவைத்து எடுப்பது கொச்சினீல். அதை அலுமினியம் அல்லது கல்சியம் உப்போடு சேர்த்துப் படியவைத்தால் கார்மைன். ஒரு கிலோ சாயத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் தேவை. வெயிலிலும் வெப்பத்திலும் மங்காத அருமையான சிவப்பு என்பதால் ஸ்ட்ரோபெரி யோகட், ஐஸ்கிரீம், ஜாம், டொபி, சொசேஜ், சில பானங்கள், லிப்ஸ்டிக் என்று பலவற்றில் சேர்க்கிறார்கள்.

இந்தப் பூச்சிக் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1795இல் சாயத்தொழில் தொடங்கும் ஆசையில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. வந்தது வேறு இனம். சாயத்துக்கு அது உதவவில்லை, ஆனால் கள்ளிப் புதர்களைத் தின்று தீர்த்தது. கள்ளியை ஒழிப்பதற்காகவே பிறகு அதை இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். தேயிலைச் செடியின் பூச்சிகளைப் பற்றி எழுதிய ஏர்னஸ்ட் கிரீன் 1896இல் இதை விவரித்தார். தென்னமெரிக்கப் பூச்சியாக இருந்தும் இன்றுவரை அதன் அறிவியற் பெயரில் சிலோன் இருக்கிறது: டாக்டிலோபியஸ் சிலோனிக்கஸ். சாயம் தருவது இதன் உறவினம், டாக்டிலோபியஸ் கொக்கஸ்.

சரி, ஒவ்வாமை எங்கிருந்து வருகிறது? சிவப்பைத் தருவது கார்மினிக் அமிலம் என்ற சிறிய மூலக்கூறு. அதோடு பூச்சியின் புரதமும் கொஞ்சம் கூட வருகிறது. ஒவ்வாமை வந்தவர்களின் இரத்தத்தில் உள்ள ஐஜிஇ அந்தப் பூச்சிப் புரதங்களைப் பிடித்துக்கொள்வது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. சமைத்தாலும் கொதிக்கவைத்தாலும் ஆபத்து போய்விட்டது என்று நம்ப முடியாது.

பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவானவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். உதட்டுச் சாயம், கண்ணிமைப் பூச்சு போன்றவற்றில் உள்ள கார்மைன் தோல் வழியே முதற்படியை நடத்திவிடுகிறது, பிறகு ஒரு நாள் யோகட்டோ பானமோ மூன்றாம் படியைக் கொண்டுவருகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சாயத் தொழிற்சாலைகளில் அந்தத் தூளைச் சுவாசித்த தொழிலாளருக்கு ஆஸ்துமா வந்ததும் பதிவாகியிருக்கிறது. தோல், மூச்சு, வாய் என்று மூன்று வாசலாலும் இது உள்ளே வரும்.

இந்தப் பதிவுகள் சேரச் சேரத்தான் சட்டம் அசைந்தது. அமெரிக்காவில் 1998இல் ஒரு நுகர்வோர் அமைப்பு மனுக் கொடுத்தது. 2009இல் விதி வந்து, 2011 ஜனவரியிலிருந்து கார்மைன், கொச்சினீல் என்ற பெயரை உறையில் கட்டாயம் போட வேண்டும் என்றானது. அதற்கு முன்னர் "நிறம் சேர்க்கப்பட்டது" என்ற ஒற்றை வரிக்குள் அது ஒளிந்திருக்க முடிந்தது. பெயர் போடுவதற்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது என்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது. பெயர் தெரியாத ஒன்றைத் தவிர்க்கச் சொல்லி எந்த வைத்தியராலும் அறிவுரை கூற முடியாது.

தேர்த் திருவிழாவுக்கு விரதம் இருந்து சைவம் மட்டும் உண்பவர்களுக்கும், ஹலால் பார்ப்பவர்களுக்கும் கூட இந்தப் பெயர் தேவைப்படுகிறது. அது ஒவ்வாமை விஷயம் அல்ல, ஆனால் தேட வேண்டிய வரி ஒன்றுதான்.

மற்ற நிறங்கள்

அனாட்டோ என்பது வெப்பமண்டல அமெரிக்க மரம் ஒன்றின் விதைத் தோலிலிருந்து எடுக்கும் செம்மஞ்சள். சீஸுக்கும் மாஜரினுக்கும் அந்த வெண்ணெய் நிறத்தைப் பல இடங்களில் இதுதான் தருகிறது. விதையின் புரதம் இதில் மிஞ்சக்கூடும். தடிப்பும் வீக்கமும் வந்த பதிவுகள் உண்டு, அபூர்வமாக அனபிலக்சிஸும் வந்திருக்கிறது. பாணுக்கு மாஜரின் பூசித் தின்றபின் தடித்தால் பாண் மாவையே எல்லோரும் சந்தேகிப்பார்கள். மாஜரின் டப்பாவையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஸ்பிருலினா என்ற பாசியிலிருந்து வரும் நீலம் இன்னும் விசித்திரம். அதன் நிறப்பொருளான பைகோசயனின் தானே ஒரு புரதம். இங்கே சுத்திகரித்துப் புரதத்தை நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் அனபிலக்சிஸ் வந்தவர்களும் இருக்கிறார்கள், மிகச் சிலர்தான் என்றாலும்.

மஞ்சள் நமக்கு அன்றாடம். தின்பதால் வரும் ஒவ்வாமை மிகக் குறைவு. தோலில் படுவதால் வருவது கொஞ்சம் கூடுதல்: குங்குமம் வைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்துக் கருக்கும் தொடுதோலழற்சி. அது ஐஜிஇ வழியாக வருவதல்ல, மெதுவாக வரும் வேறு வகை. ஆனால் மஞ்சளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு விலை பல மடங்கு ஏறியபோது அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள்தூள் நம் சந்தைகளில் பிடிபட்டது. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பருப்புக் கறியில் தடிப்பு வந்தால், மஞ்சளைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தத் தூள் எங்கே அரைத்தது என்று கேட்க வேண்டும். நல்ல மஞ்சளை வாங்கிக் காயவைத்துக் கண்முன்னே ஆலையில் அரைத்துக்கொள்வது வீண் சிரமம் இல்லை.

நம் மரக்கறித் தோட்டத்து நிறங்கள்

நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் பீட்ரூட்டும் கரட்டும் உலகெங்கும் உணவுக்கு நிறம் தருபவை. இவற்றால் ஒவ்வாமை வருவது மிக அபூர்வம். ஆனால் இவை இரண்டும் வீட்டாரை வேறு விதமாகப் பயமுறுத்தும்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். பத்தில் ஒருவருக்கு இது நடக்கலாம் என்பது மதிப்பீடு. இரும்புச்சத்துக் குறைந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மலையகப் பெண்களிடம் இரத்தச்சோகை எவ்வளவு பரவலான பிரச்சினை என்பதை நினைத்தால், இப்படி அடிக்கடி சிவக்கும் ஒருவர் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது நல்லது. பீட்ரூட் சாப்பிடாமலேயே சிவந்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

கரட்டை நிறையக் கொடுத்து வளர்த்த குழந்தையின் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகாமல் இருந்தால் அது காமாலை அல்ல, கரோட்டின் தேங்கியதுதான். கரட்டைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும்.

ஸ்ட்ரோபெரியா, பாலா, நிறமா?

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரித் தோட்டங்கள் இருப்பதால் இங்கே ஒரு குழப்பம் எளிதில் வரும். ரோஸ் நிற யோகட் தின்ற பிள்ளைக்குத் தடிப்பு வந்ததும் "ஸ்ட்ரோபெரி ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தக் கிண்ணத்துக்குள் சந்தேகப்பட வேண்டியவை குறைந்தது நான்கு.

1. பால். சாதா யோகட்டும் பாலும் இதுவரை ஒத்துவந்திருந்தால் இதை விலக்கலாம்.

2. ஜெலட்டின். யோகட்டை உறையவைக்க நம் நாட்டில் சேர்ப்பது. மாட்டின் தோல், எலும்பிலிருந்து வருவது. மாட்டிறைச்சிக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு இதுவும் ஆகாது. ஜெலட்டின் சேர்த்த அதே சாதா யோகட் ஒத்துவந்தால் இதையும் விலக்கலாம்.

3. பழம். பறித்த ஸ்ட்ரோபெரியை முன்பு தின்று ஒன்றும் ஆகவில்லையென்றால் பழமும் தப்பித்தது.

4. மிஞ்சுவது நிறமும் வாசனையும். நிறத்தின் இடத்தில் கார்மைனின் எண்ணான 120 இருந்தால் சந்தேகம் பலமாகிறது.

இது பழைய நினைவுகளைக் கோத்துப் பார்க்கும் முறை மட்டுமே. ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதித்துப் பார்க்க இது வழி சொல்லவில்லை. ஒருமுறை மூச்சுத்திணறல் வந்த பிள்ளைக்கு வீட்டில் எதையும் மறுபடி கொடுத்துப் பார்க்கக் கூடாது. தோல் குத்திப் பார்க்கும் சோதனையும், இரத்தத்தில் ஐஜிஇ அளக்கும் சோதனையும் இருக்கின்றன. அவற்றுக்கு வைத்தியரின் கடிதத்தோடு பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரும். போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும் என்பது தெரிந்ததுதான். ஆனால் தவறான தீர்ப்பினால் ஒரு பிள்ளை வருடக்கணக்கில் பாலையும் பழத்தையும் இழப்பது அதைவிடப் பெரிய நட்டம்.

மலைநாட்டில் அடிக்கடி மறந்துபோகும் இன்னொரு சந்தேக நபர் மீன். பலயாவும் கெலவல்லாவும் கடற்கரையிலிருந்து மலை ஏறி வருவதற்குள் ஐஸ் போதாமல் போனால், பக்டீரியாக்கள் அந்தச் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். சமைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலித்து, வயிற்றோட்டமும் வரலாம். பார்த்தால் அச்சு அசல் ஒவ்வாமை. வேறுபாடு இதுதான்: ஒரே மீன் கறியைத் தின்ற பலருக்கு ஒன்றாக வந்தால் அது கெட்ட மீனின் வேலை. பிறந்தநாள் வீட்டில் மீன் பணிஸும் கலர் கேக்கும் ஒன்றாகத் தின்றுவிட்டுக் கேக்கைப் பழிப்பது நியாயமில்லை.

சல்பைட்டும் அப்படித்தான். கோர்டியலிலும் உலர்பழத்திலும் பழுதாகாமல் காக்கச் சேர்ப்பது. திராட்சைத் தோலிலிருந்து எடுக்கும் ஊதா நிறத்தோடும், சிலவகைக் கரமல் நிறத்தோடும் இது ஒட்டிக்கொண்டு வரலாம். ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். 220 முதல் 228 வரையான எண்கள் இதைக் குறிக்கும்.

உறையை வாசிப்பது

நிறமூட்டிகளுக்குச் சர்வதேச எண் உண்டு. ஐரோப்பிய முறையில் அந்த எண்ணுக்கு முன் 'E' என்ற ஆங்கில எழுத்து வரும். எண் வந்தாலே செயற்கை என்பது தவறான எண்ணம். மஞ்சளின் குர்குமினுக்கே 100 என்ற எண் இருக்கிறது.

- கார்மைன், கொச்சினீல்: 120
- அனாட்டோ: 160பி
- கரோட்டின்: 160ஏ, மிளகாய் நிறம்: 160சி
- பீட்ரூட் சிவப்பு: 162
- திராட்சை போன்றவற்றின் ஊதா: 163
- கரமல்: 150
- டார்ட்ரசின்: 102 (செயற்கை)
- கார்மோய்சின்: 122, பொன்சோ: 124 (இரண்டும் செயற்கை)

120, 122, 124 மூன்றும் சிவப்பு, பெயரிலும் கார்மைனும் கார்மோய்சினும் காதுக்கு ஒன்றாகவே கேட்கும். ஒன்று பூச்சி, மற்றது தொழிற்சாலை. கார்மைன் ஒவ்வாமை உள்ளவருக்கு 122 தடையில்லை. எண்ணை மாற்றி வாசித்தால் தேவையில்லாததை விலக்கி, தேவையானதை விட்டுவிடுவோம். அழகுசாதனப் பொருட்களில் கார்மைனுக்கு 75470 என்ற வேறு எண் இருக்கும்.

"இயற்கை நிறம்", "அனுமதிக்கப்பட்ட நிறமூட்டி" என்று மட்டும் போட்டிருந்தால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த வரியால் பயன் ஒன்றும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவுப் பொருட்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உண்டு. சந்தேகமான உறையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் காட்டலாம். தேர்க் கடையில் கண்ணாடிப் போத்தலில் இருக்கும் டொபிக்கும் தட்டில் குவித்த பூந்திக்கும் மஸ்கட்டுக்கும் உறையே கிடையாது. ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு அவற்றை வாங்கிக் கொடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வந்துவிட்டால்

தோலில் மட்டும் தடிப்பு என்றால் பிரிட்டோன் (Piriton) போன்ற ஒவ்வாமைக் குளிசை அரிப்பைத் தணிக்கும். மூச்சு அடைத்தல், குரல் கம்முதல், நாக்கு வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி விழுதல் இவற்றில் ஏதாவது வந்தால் குளிசை காப்பாற்றாது. தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில், உடனே.

தோட்டங்களில் நேரம்தான் எதிரி. லயத்திலிருந்து பெரிய பாதைக்கு இறங்கவே அரை மணித்தியாலம் ஆகும் இடங்கள் உண்டு. அதனால் "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்காமல் முதல் அறிகுறியிலேயே 1990 சுவ செரிய இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாதை மோசமென்றால் அம்புலன்ஸ் எதுவரை வரும் என்று கேட்டு, அதுவரை முச்சக்கர வண்டியிலோ லொறியிலோ கொண்டுபோகலாம். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் சாய்ந்து உட்காரட்டும். எழுப்பி நடக்கவைக்கக் கூடாது, சட்டென்று நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் இன்னும் விழும். ஊசி போட்டுச் சரியானபின்னும் சில மணித்தியாலம் வைத்தியசாலையில் இருக்கச் சொல்வார்கள். அறிகுறிகள் இரண்டாம் முறை திரும்பி வரக்கூடும் என்பதால்தான் அது. பிள்ளை சிரித்து விளையாடுகிறதே என்று கையொப்பம் போட்டுக் கூட்டிவந்துவிடாதீர்கள்.

யாராவது ஒருவர் அந்த யோகட் கிண்ணத்தையோ டொபி உறையையோ குப்பையிலிருந்தாவது எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளட்டும். தின்ற நேரம், அறிகுறி தொடங்கிய நேரம், அன்று தின்ற மற்றவை, உதட்டில் பூசியது, போட்ட மருந்து எல்லாவற்றையும் அதே நாளில் கொப்பி ஒன்றில் எழுதி, உறையோடு சேர்த்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.